ஒரு நிமிடத்துக்குள் இரண்டு

பிப்ரவரி 3

பொறுப்பாளர் அவர்களுக்கு,
அணை நிலநடுக்கக் கண்காணிப்பு நிலையம்.

வணக்கம். நாட்டில் இதுவரை பதிவான நிலநடுக்கங்களை எல்லாம் ஒரே பட்டியலாகத் தொகுக்கும் பணி எங்கள் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. தேசிய நிலையங்கள், சுரங்கத் துறை, பல்கலைக்கழகம், உங்கள் அணை என நான்கு அமைப்புகள் தனித்தனியே பதிவு செய்து வந்திருக்கின்றன. முதல் இரண்டும் தங்கள் பதிவுகளைத் தந்துவிட்டன. பல்கலைக்கழகம் அடுத்த மாதம் தருகிறது. உங்கள் நிலையத்துக்கு மூன்று நினைவூட்டல்கள் அனுப்பியும் பதில் இல்லை.

நிலையம் தொடங்கிய நாள் முதலான பதிவேடுகளும், கடிகாரம் தினமும் எத்தனை விநாடி பிந்தியது, முந்தியது என்று குறித்த புத்தகங்களும் தேவை. மூலத்தையே அனுப்பவும். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்படும்.

அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அப்பா மூன்று வருடமாக என் வீட்டுக்கு வரவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
முதுநிலை ஆய்வாளர், பட்டியல் பிரிவு.

பிப்ரவரி 9

முதுநிலை ஆய்வாளர் அவர்களுக்கு வணக்கம் என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. எனவே,

தம்பி,

மூன்று நினைவூட்டலும் கிடைத்தன. மூன்றிலும் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நீ எப்போது போடுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலையைச் சொந்த வேலையாக்கியதற்கு என்மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுத்துக்கொள்.

அப்பா நன்றாக இருக்கிறார். காதுதான் முழுசாகப் போய்விட்டது. குவாரியில் முப்பது வருஷம் வெடி வைத்த காது, இவ்வளவு நாள் கேட்டதே பெரிது. நான் ஸ்லேட்டில் எழுதுவேன், அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வார். வீட்டு ரகசியம் என்று எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் பஸ்தான். பஸ் நின்றால் நூறு எண்ணிவிட்டுத்தான் இறங்குகிறார். அதற்குள் டிரைவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான்.

அந்தப் பழக்கம் உனக்கு நினைவிருக்கும். வெடி வெடித்ததும் யாரும் மறைவிலிருந்து வெளியே வரக் கூடாது, வெடிக்காரர் நூறு எண்ணி முடித்துச் சங்கு ஊதினால்தான் வரலாம் என்பது குவாரிச் சட்டம். இப்போது குக்கரை இறக்கினாலும் நூறு எண்ணித்தான் திறக்கிறார். பசி வேளையில் நானும் கூடவே எண்ணுகிறேன், கொஞ்சம் வேகமாக.

பதிவேடுகள் முப்பத்தொன்றையும் நான்கு பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்சல் ஆபீஸில் கேட்டார்கள். பூமி எப்போதெல்லாம் ஆடியது என்று எழுதி வைத்திருக்கிறது என்றேன். “அதை எதுக்கும்மா எழுதணும், ஆடினா தெரியாதா?” என்றார் அந்த மனிதர். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

கடிகாரப் புத்தகங்கள் வேறு அறையில் கிடக்கின்றன. எடுத்துத் தூசி தட்டி அனுப்புகிறேன்.

போன் போட்டிருக்கலாம்தான். எடுத்த பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது.

அக்கா

பிப்ரவரி 24

அக்கா,

எப்படி அழைப்பது என்று யோசித்ததிலேயே இரண்டு நாள் போய்விட்டது. கடைசியில் இதுதான் வந்தது.

பெட்டிகள் வந்து சேர்ந்தன. கடிகாரப் புத்தகங்களும் வந்தன. உன் கையெழுத்து இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. என் மேஜையில் இப்போது காப்பி டம்ளர் வைக்க இடமில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்து நேற்று யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலை என்னவென்று சொல்கிறேன். ஒரு நிலநடுக்கத்தை மூன்று அமைப்புகள் பதிந்திருந்தால் அது மூன்று வரியாக வருகிறது. ஒருவர் நேரம் இரண்டு விநாடி முந்தியிருக்கும், இன்னொருவர் இடம் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஒரு வரியாக்க வேண்டும். அப்படி ஒரு லட்சம் வரிகள். கையால் செய்தால் என் பிள்ளைகள் ஓய்வு பெறும்போதுதான் முடியும். அதனால் கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதியிருக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள், முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு வரி இருந்தால் அவை ஒன்றே. எந்த நிலையம் அருகில் இருக்கிறதோ அது சொல்வதை வைத்துக்கொள், மற்றதை நீக்கு. குவாரி வெடி என்று அருகில் இருப்பவர் எழுதியிருந்தால் அந்த வரியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடு. வெடி நிலநடுக்கம் இல்லையே.

இரண்டு சந்தேகம். ஒன்று, உங்கள் பதிவேட்டில் மத்தியானம் ஒரு மணியையொட்டி அடிக்கடி ஓர் அடைப்புக்குறியும் ‘வெடி’ என்ற சொல்லும் இருக்கின்றன. அடைப்புக்குள் எத்தனை அதிர்வு என்று இல்லை. ஏன்?

இரண்டு, ஒரே ஒரு வருஷத்துக் கடிகாரப் புத்தகம் மட்டும் வரவில்லை. அது எந்த வருஷம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலிருக்கவும் என்னால் முடியவில்லை. அப்பா வைத்த வெடிக்குப் பிறகு குவாரியின் எதிர்ப்பக்கப் பாறை சரிந்து, அதன் அடியில் ஒதுங்கியிருந்த, துளை போடுகிற ஆட்கள் இரண்டு பேர் செத்த வருஷம். மருந்தை அளவுக்கு மேல் போட்டுவிட்டார் என்றார்கள். “என் வெடி முடிஞ்சு போச்சு. நான் எண்ணிக்கிட்டிருந்தேன். நாப்பத்தேழுல பூமி தனியா ஆடுச்சு, அதுலதான் பாறை விழுந்துச்சு” என்று அப்பா விசாரணையில் திரும்பத் திரும்பச் சொன்னார். அதே அறையில் நீ எழுந்து நின்று, அணை நிலையத்துப் பதிவேட்டைத் திறந்து, “மணி ஒன்று, வெடி” என்று ஒரே வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தாய். அப்பாவின் லைசென்ஸ் போனது. எனக்குப் பதினேழு வயது. பின் பெஞ்சில் இருந்தேன்.

இருபத்தாறு வருஷமாக இதை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் இப்போதுதான் எழுதுகிறேன். பாதி பக்கம்கூட வரவில்லை.

தம்பி

மார்ச் 2

தம்பி,

முதல் சந்தேகத்துக்குப் பதில். அது பழைய பொறுப்பாளர் போட்ட விதி. குவாரியில் தினமும் ஒரு மணிக்கு வெடி. முதலில் பெரியது, பிறகு பெரிய கல்லை உடைக்கச் சின்னச் சின்னதாய் இரண்டு மூன்று. உருளையில் ஓடுகிற காகிதத்தில் பேனா முள் ஒவ்வொன்றுக்கும் துள்ளும். ஒவ்வொன்றையும் எழுதினால் பதிவேடு முழுக்கக் குவாரிதான் இருக்கும். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னால் தொடங்கிப் பத்து நிமிஷம் பின்னால் வரை எது துள்ளினாலும் ஒரு அடைப்புக்குறி போடு, வெடி என்று எழுது, முதல் துள்ளலின் நேரத்தை மட்டும் குறி. அதுதான் விதி. அவர் ஓய்வுபெற்ற மறுநாளே அதை நான் எடுத்துவிட்டேன்.

அந்த வருஷத்துப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அலமாரிப் பக்கம் சுவரில் ஈரம் வேறு.

நான் படித்தது அங்கே எழுதியிருந்ததைத்தான். அதற்குமேல் இப்போது எழுத வரவில்லை. பெரியவனாகிவிட்டாய், பொறுத்துக்கொள்.

உன் விதியைப் பற்றி ஒன்று கேட்கலாமா? ஒரு நிமிஷம் என்பது கொஞ்சம் நீளமாக இல்லையா? எனக்கு உன் அளவுக்குப் படிப்பில்லை, தோன்றியதைச் சொன்னேன்.

அப்பா உன் கடிதத்தின் உறையைப் பார்த்துவிட்டார். “ஆந்தை எழுதியிருக்கானா?” என்று கத்தினார். உன் பட்டப்பெயர் இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதையாவது எண்ணும்போது நாற்பத்தேழு வந்தால் அவர் ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் நாற்பத்தெட்டு சொல்கிறார். அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

இதை அலுவலகத்தில் எழுத முடியவில்லை. கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பதிவுகள் பத்தாம் தேதி வந்தன. முப்பதாயிரம் வரி. எல்லாவற்றையும் சேர்த்து ஓட விட்டேன். ஓடி முடிய ஆறு மணி நேரம் ஆனது. முடிந்ததும் நான் பார்த்த முதல் தேதி எது என்று உனக்குத் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், இந்த வேலையை நான் கேட்டு வாங்கியதே அந்த ஒரு தேதிக்காகத்தான். அப்பா சொன்ன அந்த அதிர்வு நாட்டின் எந்த மூலையிலாவது எந்த ஊசியிலாவது பதிந்திருக்கும், அதை எடுத்து உன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்று வெறியோடு இருந்தேன்.

அங்கே எதுவும் இல்லை, அக்கா. உன் பதிவேட்டைத் திறந்தால் வெடி என்ற ஒரு வரிதான் இருந்தது. நீ படித்த அதே வரி.

அப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணெதிரே இரண்டு பேர் செத்தால் மனசு ஏதாவது ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும். மருந்து கூடிப்போயிருக்கும். அவர் அதை நம்பியே ஆகவேண்டியிருந்தது, எனக்கும் அப்படித்தான். நீ மட்டும்தான் உள்ளதை உள்ளபடி படித்தாய். அதற்கு உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அத்தான் தவறிப்போனபோதும் வரவில்லை. என் பிள்ளைகளுக்கு அத்தை முகம் தெரியாது. என்னை மன்னித்துவிடு. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் அவர்களை அழைத்துக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

வேலை விஷயம்: வரைவு இத்துடன் இருக்கிறது. ஒரு கட்டு பட்டியல், இன்னொரு கட்டு நீக்கிய வரிகள். அணை சம்பந்தப்பட்ட பக்கங்களில் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும். ஏப்ரல் பதினைந்தில் பட்டியலை மூடி அச்சுக்குக் கொடுக்கிறோம். ஒரு நிமிடம் நீளம் என்று எழுதியிருந்தாய். எல்லாரும் வைக்கிற அளவுதான், கவலைப்படாதே. அந்தக் கடிகாரப் புத்தகத்தையும் இனித் தேட வேண்டாம்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

தம்பி

ஏப்ரல் 1

தம்பி,

பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் கடைக்குப் போய் இரண்டு தலையணையும் கோடு போட்ட போர்வையும் வாங்கிவந்தேன். அப்பாவிடம் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன். அவர் போய்த் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தார். பத்து நாள் இந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் இப்படியே இருந்துவிடலாம் என்று எனக்கு ஆசை. சின்ன ஆசை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீக்கிய வரிகளின் கட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார். மேலிருந்து ஒன்பதாவது வரி. அதே தேதி. பல்கலைக்கழகத்தின் பதிவு. நேரம் ஒரு மணி, பூஜ்யம் நிமிஷம், ஐம்பத்து மூன்று விநாடி. அளவு 3.6. பக்கத்தில் உன் கம்ப்யூட்டர் எழுதியிருக்கிறது: ‘அணை நிலையம் பதிந்த வெடியின் மறுபதிவு, நீக்கப்பட்டது.’

தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அவர்கள் நிலையம். நம் குவாரி வெடி அவ்வளவு தூரம் ஒரு நாளும் போனதில்லை. என் அடைப்புக்குறியில் இருப்பது முதல் துள்ளலின் நேரம், ஒரு மணி இரண்டு விநாடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட இல்லாததால் உன் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நான் செய்ததையே அதுவும் செய்திருக்கிறது.

இனி எழுதுவதைப் படித்தபின் நீ வராமல் போகலாம். வராவிட்டாலும் இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

விபத்து நடந்த அன்று இரண்டு மணிக்கு நான் காகிதத்தை மாற்றினேன். குவாரியில் நடந்தது எங்களுக்கு இன்னும் தெரியாது. வழக்கம்போல அடைப்புக்குறி போட்டேன், வெடி என்று எழுதினேன். மறுநாள், அப்பா சொன்னதைக் கேட்டபின், அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தேன். இரண்டு துள்ளல் இருந்தது. இரண்டாவது முதலாவதைவிடப் பெரிது. சின்ன வெடி பெரிய வெடியைவிடப் பெரிதாக எப்படித் துள்ளும்? வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் அது வெடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பாளரிடம் போனேன். அவர் நிறைய நேரம் பார்த்தார். “இப்பதான் அணை முதல் தடவையா நிரம்பியிருக்கு. இந்த நேரத்துல பக்கத்துலயே பூமி ஆடுச்சுன்னு எழுதினா கீழ இருக்கிற ஊரெல்லாம் பயந்து கிளம்பிடும். ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதைப் படி. பொய் சொல்லச் சொல்லலையே” என்றார். காகிதத்தைச் சுருட்டித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு அதை நான் பார்க்கவே இல்லை.

அதை அவரிடம் கொண்டுபோவதற்கு முன்பே இரண்டாவது துள்ளலின் நேரத்தைக் கடிகாரப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் குறித்துவைத்திருந்தேன். அந்தப் புத்தகம் தொலையவில்லை. என் துணிப்பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கு எழுதியது பொய்.

ஏன் படித்தாய் என்று கேட்பாய். அப்பாவுக்கு வேலை போகப்போகிறது, என் வேலையும் போனால் நீ படிக்க முடியாது என்று நினைத்தேன். அது ஒரு பக்கம். பயம் இன்னொரு பக்கம். எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பா ஒரு தடவைகூட என்னை ஏன் என்று கேட்டதில்லை. விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்ததும் “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்டார்.

நீ கேட்ட மன்னிப்பு எனக்குச் சேர வேண்டியதில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள். கையெழுத்தும் போடவில்லை. அப்பாவின் அதிர்வைப் பட்டியலில் போடு.

அக்கா

ஏப்ரல் 4

பொறுப்பாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட கடிகாரப் புத்தகத்தைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பவும்.

முதுநிலை ஆய்வாளர்

ஏப்ரல் 6

புத்தகம் இத்துடன் இருக்கிறது. அன்று காலை ரேடியோ நேரத்தோடு ஒப்பிட்டதில் கடிகாரம் மூன்று விநாடி பிந்தியிருந்தது. எனவே என் இரண்டு நேரத்தோடும் மூன்றைக் கூட்டிக்கொள். பின்னட்டையில் பென்சில் மங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

போர்வையைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பிறகு பசை வைத்து ஒட்டினேன். அது அலுவலக ஆவணமும்கூட.

புத்தகத்தோடு பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. “பென்சில் குறிப்பு, அதுவும் உங்க அக்கா எழுதினது, உங்க அப்பாவைப் பத்தினது. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார். அவர் கேட்டது நியாயம். பல்கலைக்கழகத்தின் மூலக் காகிதத்தைக் கொண்டுவருகிறேன், நான் தொடாமல் வேறொருவர் அளக்கட்டும், பட்டியலை ஐந்து நாள் திறந்து வையுங்கள் என்றேன். மூன்று நாள் தந்தார்.

பல்கலைக்கழகத்தில் பழைய காகிதமெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குக் கீழே ஒரு அறையில் கிடக்கிறது. சுருள் சுருளாக, கயிறு கட்டி, வருஷம் எழுதாமல். காவலர் ஒரு ஸ்டூலைக் கொடுத்து, “ஏறிப் பார்த்துக்குங்க, விழுந்தா நான் பொறுப்பில்ல” என்றார். இரண்டு நாள் ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் மத்தியானம் கிடைத்தது. வெளிச்சுற்றில் தேதியை மட்டும் பார்த்தேன், மேலே பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுவந்து எங்கள் பிரிவில் அளவெடுக்கும் அம்மாவிடம் கொடுத்தேன். தேதியை மறைத்திருந்தேன். எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்து நிமிடம் அளந்தார். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில் பதினோரு விநாடி, எனவே தொண்ணூறு கிலோமீட்டர் தூரம், அளவு 3.6 என்றார். இதுபோக வேறு எதுவும் அந்த ஒரு மணியையொட்டி இல்லை என்றார். பட்டியலில் இது வெடி என்று நீக்கப்பட்டிருக்கிறது என்றேன். “எந்த மகராசன் நீக்கினது?” என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அதுதான் விஷயம், அக்கா. ஒரு நிமிடம் என்பது எல்லாரும் வைக்கிற அளவு என்று உனக்கு எழுதினேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் நானே வைத்தது. முப்பது விநாடி வைத்தால் சந்தேகமான வரிகள் நிறைய மிஞ்சின, ஒரு நிமிடம் வைத்தால் சுத்தமாக முடிந்தது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று விட்டுவிட்டேன். நீ ஒரு அடைப்புக்குறி போட்டு இரண்டையும் ஒன்றாக்கினாய். நான் ஒரு விதி போட்டு ஒன்றாக்கினேன். உனக்காவது மேலே ஒருத்தர் இருந்தார். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இப்போது பதினைந்து விநாடி என்று மாற்றி மறுபடி ஓட விட்டேன். அதைவிட நீளமான சந்தேகமெல்லாம் ஆள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முப்பத்தெட்டு நிலநடுக்கங்கள் திரும்பி வந்தன. அப்பாவுடையதைத் தவிர முப்பத்தேழு. அவற்றில் எந்த வீட்டுச் சண்டை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். பார்சல் ஆபீஸ் மனிதர் கேட்டதற்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். பூமி ஆடியது அதன்மேல் நின்றவனுக்குத் தெரியும், மற்றவர்கள் நம்புவதற்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. தெரிந்தே நீ அந்த வரியைப் படித்தாய் என்பதை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன். ஆனால் நீ பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், அப்பா சொன்னது தப்பு என்று நானே அச்சடித்து நாட்டுக்கெல்லாம் அனுப்பியிருப்பேன். அதைச் சந்தோஷமாகவும் செய்திருப்பேன், உன்னோடு சேர்ந்துவிட்டோம் என்று. எழுதினாயே, அதுவும் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று தலையணை வாங்கி வைத்த பிறகு. என்னால் முடிந்திருக்காது.

இத்துடன் பட்டியலின் அந்தப் பக்கத்தை முத்திரையோடு அனுப்புகிறேன். உன் நேரங்களோடு மூன்றைக் கூட்டினால், வெடி ஒரு மணி ஐந்தாவது விநாடியில் உன் உருளைக்கு வந்திருக்கிறது, ஐம்பத்து மூன்றில் தொடங்கிய நிலநடுக்கம் ஐம்பத்து நான்காவது விநாடியில். இதை நான் வந்து அப்பாவிடம் காட்டக் கூடாது, நீதான் காட்ட வேண்டும். மற்றதையும் நீயே அவரிடம் சொல். அதை முடித்துவிட்டு எழுது. நாங்கள் கிளம்புகிறோம்.

ஆந்தை

ஏப்ரல் 23

ஆந்தைக்கு,

உன் உறை வந்து ஒரு நாள் முழுக்க அதைச் சமையலறை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். நேற்றுக் காலை அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் உன் பக்கத்தைக் காட்டவில்லை. காட்டிவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் என் தப்பு சிறிதாகிவிடும். ஸ்லேட்டில் எழுதினேன். ‘அன்றைக்குக் காகிதத்தில் இரண்டு துள்ளல் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் படித்தேன்.’ ஸ்லேட்டில் இடம் போதவில்லை, கடைசிச் சொல்லை மரச் சட்டத்தின்மேல் எழுதினேன்.

அவர் படித்துவிட்டு ஸ்லேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். “தெரியும்” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு மெதுவான குரலை இந்த வருஷங்களில் நான் கேட்டதில்லை. “படிக்கிறப்ப நீ என் பக்கம் திரும்பவே இல்ல. சின்ன வயசுல சர்க்கரை டப்பாவைத் தொட்டாலும் அப்படித்தான் நிப்ப. அப்பவே தெரியும்.”

ஏன் கேட்கவில்லை என்று எழுதினேன். “கேட்டா நீ என்ன சொல்லுவ, பாவம்” என்றார். எனக்கு ஐம்பது வயது. அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்குக் கேட்காது என்பதால் சத்தம் போட்டே அழுதேன்.

அதற்குப் பிறகுதான் உன் பக்கத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, விரலை வைத்து, முத்திரையையும் சேர்த்து இரண்டு தடவை படித்தார். “நடுவுல எத்தனை விநாடி?” என்று கேட்டார். நாற்பத்தொன்பது என்று எழுதினேன். நான் வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், “ரெண்டு மெதுவா எண்ணியிருக்கேன்” என்றார். அவருக்கு அது உண்மையிலேயே குறையாக இருந்தது.

பிறகு இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்டார். அந்த இரண்டு பேரில் ஒருவருடைய மனைவி போஸ்ட் ஆபீஸுக்குப் பின்தெருவில் இருக்கிறார். இன்னொரு குடும்பம் அப்போதே ஊரைவிட்டுப் போய்விட்டது, எங்கே என்று விசாரிக்க வேண்டும், உன் ஆபீஸில் யாரையாவது கேள். இத்தனை வருஷமும் அப்பா கடைக்குப் போனாலும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவார். நேற்று நேராக நடந்தார். நானும் போனேன்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா. வந்த பிறகு என்னோடு சண்டை போடு, பாக்கி வைக்காதே. பஸ்ஸில் வந்தால் முன்பக்கமாக இறங்கு, அப்பா நிறுத்தத்துக்கு வந்து நிற்பேன் என்கிறார்.

நேற்று அந்தப் பின்தெரு வீட்டு வாசலுக்குப் போனதும் அப்பா உன் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பயந்துவிட்டார், திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். உதடு அசைவது தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். நானும் கூடவே எண்ணினேன், இந்தத் தடவை வேகமாக இல்லை. நாற்பத்தேழு வந்தது. நிற்கவில்லை. நாற்பத்தொன்பதும் போனது. நூறு ஆனதும் கதவைத் தட்டினார்.

அக்கா